‘மந்திர வாள்’ இல்லை, வாளும் சூனியமும்

வாள்வீரன் சூனியக்காரர்களோடு மோதும் ‘சோர்ட் அண்ட் சோர்சரி’ (sword and sorcery) என்ற சாகசக் கதைவகையைத் தமிழில் ‘மந்திர வாள் புனைவு’ என்று எழுதும் பழக்கம் எங்கிருந்து தொற்றியதோ தெரியவில்லை, இப்போது பார்க்கிற இடமெல்லாம் அதுதான். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். புத்தக அறிமுகம், வீடியோ கேம் விமர்சனம், பட்டியல் கட்டுரை என்று எல்லாவற்றிலும் வந்தால் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சோர்ட் பழைய ஆங்கிலச் சொல், பொருள் வாள், அவ்வளவுதான். சோர்சரி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் அடி லத்தீனின் ‘சோர்ஸ்’, அதாவது குறி பார்க்கப் போடும் சீட்டு. சீட்டுப் போட்டுக் குறி சொன்னவன் போகப்போக ஏவல் வைப்பவனாக ஆகிவிட்டான். இரண்டையும் சேர்த்து ஒரு கதைவகைக்குப் பெயராக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர். 1961இல் இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் ‘இந்த மாதிரிக் கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டும்’ என்று கேட்க, லைபர் இதைச் சொன்னார். அவர் கொடுத்த காரணம் முக்கியம்: வாள் அந்தக் கதையுலகம் எந்தக் காலத்து நாகரிகம் என்று காட்டும், சோர்சரி அமானுஷ்யம் உண்டு என்று காட்டும், சும்மா வாள்வீச்சு மட்டும் உள்ள சரித்திர சாகசக் கதையிலிருந்து இதைப் பிரித்தும் காட்டும். ஆக இரண்டு சொல்லுக்கும் தனித்தனி வேலை.

பெயர் வந்தபோது, அந்த வகைக்கு அடித்தளம் போட்டவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராபர்ட் ஈ. ஹோவர்ட், 1906இல் டெக்சாஸில் பிறந்தவர், கிராஸ் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டே எழுதிக் குவித்தவர். 1925இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் முதல் கதை வந்தது, 1936 ஜூனில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது வயது 30. நடுவில் இருந்த பத்துப் பதினோரு வருஷத்துக்குள் குத்துச்சண்டைக் கதை, கௌபாய் கதை, பேய்க் கதை, சிலுவைப்போர்க் கதை, கவிதை என்று எந்த இதழ் எதை வாங்குமோ அதையெல்லாம் எழுதினார். சொல்லுக்கு இத்தனை காசு என்று கூலி, அதையும் ‘வியர்ட் டேல்ஸ்’ ஒழுங்காகக் கொடுக்காமல் இறக்கும்போது ஆயிரம் டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது.

சரி, வாளுக்கு வருவோம். ஹோவர்ட் 1929இல் கல் (Kull) என்ற அரசனை வைத்து ஒரு கதை வெளியிட்டார், இந்த வகையின் தொடக்கம் அதுதான் என்று பலர் சொல்வார்கள். அதே கல்லை வைத்து எழுதிய இன்னொரு கதை விலைபோகவில்லை. அரசனைக் கொல்லச் சதி, அவன் கோடாரி எடுத்து எல்லோரையும் வெட்டிச் சாய்க்கிறான், அதில் மாயம் மந்திரம் என்று சொல்ல எதுவுமில்லை. ஹோவர்ட் அதை எடுத்து, கல்லைக் கோனன் என்ற காட்டுமிராண்டி வீரன் ஆக்கி, தோத்-ஆமோன் என்றொரு சூனியக்காரனையும் அவன் ஏவிவிடும் பிசாசையும் சேர்த்து எழுத, 1932 டிசம்பரில் அதுவே முதல் கோனன் கதையாக வெளிவந்தது. சண்டை முதலிலேயே இருந்தது, சூனியம் பிறகு வந்து எதிராளி பக்கம் உட்கார்ந்தது. இந்த வகையின் இலக்கணமே அதுதானே? வாள் ஒருவன் கையில், சூனியம் வேறொருவன் கையில். ‘மந்திர வாள்’ என்று ஒட்டிவிட்டால் மந்திரம் வாளுக்கு அடைமொழி ஆகிவிடுகிறது, மோதலே காணாமல் போகிறது.

உடனே ஒருவர் கேட்பார், அதே முதல் கதையில் கனவில் வரும் ஞானி கோனனின் வாளில் பீனிக்ஸ் பறவையின் சின்னத்தைப் பொறிக்கிறாரே, மூர்காக்கின் கதைநாயகன் எல்ரிக் கையில் உயிர் குடிக்கும் வாளே இருக்கிறதே என்று. இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் கோனனின் மற்றக் கதைகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கையில் கிடைத்த வெறும் இரும்புதான். எல்ரிக்கோ கோனனைத் தலைகீழாக்குவதற்கென்றே படைக்கப்பட்டவன். மாற்றி எழுதியவனை வைத்தா மூலத்துக்குப் பெயர் வைப்பது?

‘வாள் மாந்திரீகம்’ என்பதும் உதவாது, வாளால் செய்யும் மாந்திரீகம் என்று வேற்றுமைத்தொகையாக விரித்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘மந்திரம்’ வேண்டவே வேண்டாம். நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி என்று தொல்காப்பியம் சொல்லும் சொல் அது, கோயிலில் ஒலிக்கும் சொல், தோத்-ஆமோன் செய்யும் அசிங்கத்துக்கு அது எதற்கு? ‘மாயாஜாலம்’ என்றால் விட்டலாச்சாரியா படம் ஞாபகம் வந்துவிடும், சிரிப்பும் வரும். ‘செய்வினை’ நல்ல தமிழ், பொருளும் பொருத்தம், எனக்கும் ஆசைதான், ஆனால் ‘வாளும் செய்வினையும்’ என்று போட்டால் பாதிப் பேர் செயப்பாட்டுவினையைத் தேடுவார்கள்.

அதனால் ‘வாளும் சூனியமும்’. சூனியம் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள், ‘வாள்மாயம்’ என்று ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். தூய்மையில் குறையில்லை, ஆனால் காதில் விழுந்ததும் வாள் மாயமாய் மறைந்துபோன கதை போலிருக்கிறது. ‘சூனியம் வைத்துவிட்டான்’ என்றால் எந்த ஊரிலும் விளக்கம் கேட்க மாட்டார்கள், கெட்ட நோக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அந்தத் தொனிதான் இங்கே வேண்டும். நடுவில் வரும் ‘உம்’மைத் தயவுசெய்து விழுங்காதீர்கள், இரண்டையும் தள்ளித் தள்ளி நிறுத்துவது அதுதான். இந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘உம்’ என்றாலே பாரமாக இருக்கிறது போல, எல்லாவற்றையும் தொகையாக்கி நசுக்கினால்தான் கலைச்சொல் மாதிரித் தெரிகிறது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

கதைவகையாகச் சொல்லும்போது ‘வாளும் சூனியமும் கதைகள்’ என்றே எழுதலாம், இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. தோத்-ஆமோனைச் சூனியக்காரன் என்று எழுதுங்கள். ‘மந்திரவாதி’யைக் குழந்தைகள் கதைக்கு விட்டுவிடலாம்.