பலூன் ஏன் தப்புகிறது?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியானாலும் சரி, தர்மபுரி குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேரானாலும் சரி, பலூன் சுடும் கடை முன்னால் கூட்டம் நிற்கும். நாலு மீட்டர் தள்ளித்தான் பலூன். ஆனாலும் பாதி தேறுவதே பெரிய பாடு. கடைக்காரர் காற்றுத் துப்பாக்கியின் குறியை வளைத்து வைத்திருக்கிறார் என்று முணுமுணுத்தபடி நகர்பவர்கள் உண்டு. குறி விலகியே இருக்கட்டும், அதைச் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாத தவறு வேறொன்று இருக்கிறது.

முதலில் குறியைப் பார்ப்போம். குழலின் மேல் கண்ணால் ஒன்றாக்கிப் பார்க்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், முன்குறி 3 மில்லிமீட்டர் வளைந்திருந்தால் நாலு மீட்டரில் குண்டு சுமார் 27 மில்லிமீட்டர் விலகும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பக்கம், அதே அளவு. புவியீர்ப்பையும் பெரிதாக நினைக்க வேண்டாம். வினாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போகிற குண்டு, பலூனை அடைவதற்குள் 5 மில்லிமீட்டரை ஒட்டித்தான் தாழும்.

இனி துப்பாக்கிக்குள் நடப்பது. குழலை மடக்கும்போது கெட்டியான ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை (டிரிக்கரை) அழுத்தினால் கொக்கி விடுபட்டு, ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும். நசுங்கிச் சூடேறிய காற்று பிஸ்டனை எதிர்த்து நிறுத்தும்போது துப்பாக்கி முன்னால் குலுங்கும். ஒரே சுடுதலில் இரண்டு உதை! இதில் பெரும்பகுதி நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது.

அந்தக் குண்டும் அருமையான வடிவம். உடுக்கை போல இடுப்பு சிறுத்த ஈயத்துண்டு. பின்பக்கம் குடைவாக இருக்கும். காற்றழுத்தம் அந்தக் குடைவின் விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைப்பதால் காற்று கசியாது. தலை கனமாகவும் வால் லேசாகவும் இருப்பதால் மூக்கு முன்னால் நோக்கியே பறக்கும். (ஈயம் என்பதால் தொட்டபின் கை கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும்.)

குலுங்கும் துப்பாக்கியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குலுங்கல் மாறும். ஒருமுறை இறுக்கிப் பிடித்து, அடுத்த முறை தளர்த்தினால் குண்டும் இடம் மாறும். குறியை மாற்றிச் சரிக்கட்ட முடியாத தவறு இதுதான். அதோடு திருவிழாத் துப்பாக்கிகளின் விசை பெரும்பாலும் முரட்டு விசை. அதை வெடுக்கென்று இழுத்தால் குழலின் முனை ஆடிவிடும். அதனால்தான் ஸ்பிரிங் துப்பாக்கியில் பழகியவர்கள் குழலுக்குக் கீழுள்ள முன்கட்டையை உள்ளங்கையில் லேசாகக் கிடத்தி, அதன் போக்கில் குலுங்க விடுகிறார்கள்.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984-இல் சேர்ந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே பிரிவில். பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர்! அந்தத் துப்பாக்கிகளில் அடைத்துவைத்த காற்றை ஒரு வால்வு திறந்துவிடுகிறது, அதனால் உதை மிகக் குறைவு. அப்புறம் எஞ்சுவது உடம்பின் அசைவு. நாடித்துடிப்பே குறியை ஆட்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, மெதுவாக விசையை அழுத்தி, சுட்ட பிறகும் ஒரு கணம் குறியிலேயே கண்ணை வைத்திருப்பார்கள்.

பலூன் கடையிலும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் சில குண்டுகளை ஒரே பலூனை நோக்கி, ஒரே பிடியில் சுடுங்கள். எப்போதும் இடப்பக்கக் கீழ்ப் பலூனே வெடித்தால், அதே அளவு வலப்பக்கம் மேலே குறிவையுங்கள். குண்டுக்கொரு பக்கமாகச் சிதறினால் குறியை மாற்றிப் பயனில்லை. பிடியைத் தளர்த்தி, விரலை நிதானமாக அழுத்திப் பாருங்கள். நன்றாக ஊதிய பலூனையே தேர்ந்தெடுங்கள். தொய்ந்த பலூன் சிறியதாகவும் இருக்கும், உரசிப் போகிற குண்டுக்கு எளிதில் வெடிக்கவும் செய்யாது.