ரிவெட்டைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்

ரிவெட், அதாவது இரும்புத் தகடுகளைச் சேர்க்க அடிக்கும் குமிழ்த்தலை ஆணி, இருக்கிற படகு பலமானது என்று நம்பி ஒருவர் ஏமாறுவதை நான் பார்ப்பது இந்த வருஷத்தில் இது ஆறாவது முறை. ஆறு படகிலும் அதே கதை, அதே ஏமாற்றம், கடைசியில் அதே கேள்வி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கால்வாய்த் துறையில், கரையேற்றி மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்திருந்த 57 அடிப் படகு ஒன்றின் பக்கத்தகட்டில் விரலை ஓட்டியபடி நடந்து வந்தேன். முன்மூக்குப் பக்கம் ஒரு ரிவெட் தலை லேசாக ஆடியது. நகத்தைக் கொடுத்து நெம்பினேன். சட்டைப் பொத்தான் அறுந்து வருவது போலக் கையோடு வந்துவிட்டது. உள்பக்கம் மஞ்சளாக இறுகிப்போன பசை. உண்மையான ரிவெட் இல்லை, அழகுக்கு ஒட்டிய வெறும் தலை. அது இருந்த இடத்தில் தகட்டில் வட்டமாகத் துரு, நடுவில் மட்டும் பளபளப்பான இரும்பு. அதாவது ஒட்டியவர் துருவைத் தடுக்க முதலில் பூசும் ப்ரைமர்கூடப் பூசாமல் வெறும் இரும்பில் ஒட்டியிருக்கிறார்.

நான் படகு சர்வேயர். இங்குள்ள கால்வாய்களில் ஓடும் நாரோபோட் என்கிற ஒடுங்கிய இரும்புப் படகுகளை வாங்குகிறவருக்காகவும் காப்பீட்டுக்காகவும் சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். அகலம் 6 அடி 10 அங்குலம்தான். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி கால்வாய் வெட்டியபோது படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏறக்குறைய 7 அடி அகலத்தில் கட்டிவிட்டார், அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்த படகுகள் இப்போது வீடாகவும் விடுமுறைப் படகாகவும் ஓடுகின்றன. லண்டன் வாடகை தாங்காமல் படகில் குடியேறுகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு.

இந்தப் படகை வாங்க வந்த தம்பியும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கல்யாணமாகி ஒரு வருஷம். ஃபோனில் முதல் வார்த்தையே இதுதான்: “அண்ணை, பழைய ஸ்டைல் படகு, சுத்திவர ரிவெட் அடிச்சிருக்கு. நல்ல பலமான படகு எண்டு விக்கிறவர் சொல்லுறார்.” நான், “தம்பி, ரிவெட்டை விடுங்க, கடைசியா எப்போ படகைத் தண்ணியை விட்டு மேலே எடுத்தாங்கன்னு கேளுங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. பார்ப்பதற்கு அவ்வளவு அழகாகத்தான் இருந்தது.

பின்பக்கம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் நீள்சதுரமாக ஒரு ரிவெட் வரிசை. பழைய படகில் அந்த இடத்தில் சதுரமாக ரிவெட் வரக் காரணமே இல்லை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். அந்த ரிவெட் வரிசைக்கு வெளியே கணீரென்ற சத்தம், உள்ளே மொத்தென்ற சத்தம். பெயின்ட்டைச் சுரண்டினால், மேலே ஒரு ஒட்டுத்தகடு. அதையும் சுற்றிலும் முழுக்க வெல்ட் செய்யவில்லை, அங்கங்கே ஒரு விரல்நீளம் வைத்துவிட்டு நடுவில் பட்டி பூசி மறைத்து, அந்த மறைப்பின் மேல்தான் ரிவெட் வரிசை. ஒலியலையால் தகட்டை அளக்கும் தடிமன் மானியை ஒட்டுத்தகட்டின் மேல் வைத்தால் 6 மி.மீ. என்று அழகாகக் காட்டுகிறது. காட்டத்தான் செய்யும், அந்த ஒலியலை வெளித்தகட்டோடு திரும்பிவிடும், இடைவெளியைத் தாண்டி உள்தகட்டுக்குப் போகாது. அதை மட்டும் எழுதிக்கொண்டு போகும் சர்வேயர்களும் இருக்கிறார்கள், சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஒட்டுக்குப் பக்கத்தில் நான்கு விரல் தள்ளி வைத்தேன்: 3.2. கட்டும்போது 6 மி.மீ. இருந்த தகடு அது. 4-க்குக் கீழே போனால் இங்கே பல காப்பீட்டு நிறுவனங்கள் படகின் உடலுக்குக் காப்பீடு தரத் தயங்கும்.

தம்பி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ரிவெட் அடிச்ச படகு எப்படி அண்ணை இப்பிடி ஆகும்?”

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பொறுமை போகிறது. கேட்கிறவர்மேல் இல்லை, இப்படி நம்ப வைத்தவர்கள்மேல்.

ரிவெட் என்பது பலத்தின் அடையாளம் அல்ல. வெல்டிங் இல்லாத காலத்தில் இரண்டு தகட்டைச் சேர்க்க வேறு நல்ல வழி இல்லை, அதனால் ரிவெட். ஒரு தகட்டின் ஓரத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி வைத்து, இரண்டிலும் துளை போட்டு, உலையில் சிவக்கக் காய்ச்சிய ஆணியை அதில் செருகி, ஒருவர் உள்ளேயிருந்து தலையைத் தாங்கிப் பிடிக்க, வெளியே நிற்பவர்கள் மறுமுனையை அடித்துப் பரப்புவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். அபாரமான வேலைதான், மறுக்கவில்லை. ஐஃபல் கோபுரத்தில் ஏறக்குறைய 25 லட்சம் ரிவெட் இருக்கிறது, அது இன்றைக்கும் நிற்கிறது. இதைக் காட்டித்தான் எல்லோரும் என்னிடம் வாதம் செய்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு ரிவெட்டுக்கும் தகட்டில் ஒரு துளை வேண்டும். துளை போட்ட வரிசையில் தகடு அந்த அளவுக்குப் பலம் குறைந்ததுதான், அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் அன்றைக்குக் கட்டினார்கள். ஒழுங்காகப் போட்ட வெல்டில் அந்தக் கவலை இல்லை, இரண்டு தகடும் ஒரே தகடாகிவிடும். ரிவெட்டே இல்லாமல் முழுக்க வெல்டிங்கில் ஃபுல்லகர் என்ற கடல்கப்பலை இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கட்டியது 1920-இல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்குக் கட்டும் நாரோபோட் எல்லாமே வெல்டிங்தான். அடித்தகடு 10 மி.மீ., பக்கம் 6, கேபினும் கூரையும் 4 என்பது பொதுவான கணக்கு. அதன் மேல் ஆயிரம் ரிவெட் ஒட்டினாலும், வெல்ட் செய்தாலும், பலம் ஒரு குன்றிமணி அளவுகூட ஏறாது. அது எந்தத் தகட்டையும் எந்தத் தகட்டோடும் சேர்க்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்மையாகவே ரிவெட் அடித்த பழைய உடல் என்றால் அது பெருமையான விஷயம், ஆனால் பராமரிக்கக் கூடுதல் வேலை. ரிவெட் தலை தேய்ந்தால் பிடி போய்விடும். பக்கத்தில் அவசரமாக வெல்ட் செய்தால் சூட்டில் ரிவெட் இளகிக் கசிய ஆரம்பிக்கும். பழைய தேனிரும்புத் தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் தடிமன் மானியே தப்பாகக் காட்டும். அப்படிப்பட்ட படகை ஆசைப்பட்டு வாங்குகிறவர் இதெல்லாம் தெரிந்து வாங்குகிறார். “ரிவெட் இருக்கு, இனி நாற்பது வருஷத்துக்குக் கவலையில்லை” என்று நினைத்து வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

சரி, அழகுக்காக வைத்தால் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை. எனக்கும் அந்தப் பழைய படகுகள் என்றால் உயிர். ஃபெல்லோஸ் மார்ட்டன் அண்ட் க்ளேட்டன் என்ற சரக்குக் கம்பெனி 1889-இல் உருவானது. அவர்கள் படகுகளை ஜோஷுவா ஃபெல்லோஸ் பெயரால் ஜோஷர் என்று இன்றும் சொல்கிறார்கள். பர்மிங்ஹாம் சால்ட்லியில் 1909-இல் கட்டிய நீராவிப் படகு பிரசிடென்ட் இன்றும் இருக்கிறது. அதன் முன்மூக்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தகடு வளைந்து வருகிற இடத்தில் ரிவெட் வரிசையும் கூடவே வளைந்து வரும். இரண்டு தகடு எங்கே சேர்கிறதோ அங்கே வரிசை, உள்ளே தாங்குசட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு வரிசை, அவ்வளவுதான். மற்ற இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையால்தான் அது அழகு.

இப்போது செய்கிறவர்கள் பலர் இதைப் பார்க்காமலே செய்கிறார்கள். பாசிமணி கோத்த மாதிரி எங்கே பார்த்தாலும் சம இடைவெளியில் வரிசை. சேர்க்க எதுவுமே இல்லாத தகட்டின் நடுவில் வரிசை. முக்கியமாகக் கேபின் பக்கச்சுவரில் வரிசை வரிசையாக! அந்தக் காலச் சரக்குப் படகுகளில் கேபின் பெரும்பாலும் மரம். படகுக்காரர்களின் மரபு ஓவியமான ரோஜாவும் கோட்டையும் வரைந்தது அந்த மரப்பலகையில்தான். மரப்பலகையில் ஏது இரும்பு ரிவெட்? பழமையாகக் காட்ட வேண்டும் என்று செய்து, பழைய படகு தெரிந்தவன் கண்ணுக்குப் புதுப்படகு என்று உடனே காட்டிக்கொடுப்பது இந்தக் கேபின் ரிவெட்தான். இது என் ரசனை, உங்களுக்கு வேறாக இருக்கலாம், அதில் சண்டை இல்லை. நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். படகின் இரும்பு உடலைக் கட்டும்போதே, உள்ளே பலகை அடிப்பதற்கு முன்பே, பழைய படகை அளந்து பார்த்து, முன்மூக்கில் மட்டும் எங்கே வரவேண்டுமோ அங்கே தலைகளைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் வெல்ட் செய்து, உரசி, ப்ரைமர் பூசி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஒரு படகைப் பார்த்து நான் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன்.

துரு எப்படிப் பிடிக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டின தலைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். வெல்ட் செய்த தலையிலும் மேட்டில் பெயின்ட் மெலிதாகத்தான் நிற்கும், லாக் சுவரில் ஒரு உரசல் போதும். அதனால் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே அலங்காரமே வேண்டாம், அங்கே துருவைத் தடுக்கும் கறுப்புப் பூச்சு மட்டும் இருக்கட்டும்.

ஆனால் துருவைவிட எனக்குப் பயம் தீ. குடியேறி முடித்த படகில், “முன்பக்கம் ரெண்டு வரிசை ரிவெட் அடிச்சுடலாம்” என்று தெரிந்த வெல்டரைக் கூட்டிவருகிறார்கள். அந்தத் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். குளிர் தாங்க அடித்த பாலியூரித்தேன் ஃபோம். அதற்கு மேலே பலகை, நடுவில் வயர். வெளியே வெல்டர் அடுத்த தலைக்குப் போய்விடுவார், உள்ளே ஃபோம் கண்ணுக்குத் தெரியாமல் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகையில் சயனைடு வாயு வரும். 6 அடி அகலக் குழாய் மாதிரியான வீட்டில், வாசல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நல்ல பணிமனையில் வெல்ட் செய்யும் இடத்துக்குப் பின்னால் பலகையைக் கழற்றி, ஃபோமைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஒரு ஆளைத் தீயணைப்பானோடு நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். வேலை முடிந்த பிறகும் அவர் அங்கேயே இருப்பார். உங்கள் வெல்டர் இதெல்லாம் தேவையில்லை என்றால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றச் சொல்லாத வெல்டரையும் சேர்த்தே அனுப்புங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தண்ணீரில் மிதக்கிற படகைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ‘சர்வே திருப்தியாக இருந்தால்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். சர்வேயரை நீங்களே பிடியுங்கள், விற்பவர் காட்டும் ஆளை அல்ல. ஒட்டுத்தகடு ஏதாவது இருக்கிறதா, அதைச் சுற்றி வெல்ட் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வாங்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டி “எல்லாம் ஓகே” என்பார்கள். அது கேஸ், கரண்ட், எரிபொருள், தீ இவற்றைப் பார்க்கிற சான்றிதழ், தகட்டின் தடிமனை அதில் யாரும் அளப்பதில்லை. ரிவெட் வரிசை காரணமில்லாத இடத்தில் சதுரமாகவோ, நீளமாக ஒரே கோடாகவோ போனால், “இதுக்குக் கீழே என்ன?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது.

அந்தத் தம்பிக்கு முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. இப்போது வேறு படகு பார்க்கிறார். இந்த முறை முதலில் அனுப்பியது படகு கரையேறி நின்றபோது எடுத்த அடித்தகட்டுப் படம்.

ஏற்கெனவே ரிவெட் ஒட்டிய படகை வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கறுப்புப் பூச்சுக்குக் கரையேற்றுவீர்கள் இல்லையா, அடுத்த முறை ஏற்றும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒவ்வொரு தலையையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஆடுவதை விழ விடுங்கள். விழுந்த இடத்தைத் தேய்த்து, துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்து, ப்ரைமர் அடித்துப் பெயின்ட் பூசுங்கள். குழி விழுந்திருந்தால் படம் எடுத்து சர்வேயருக்கு அனுப்புங்கள். கையில் வந்த ரிவெட்டைத் திரும்ப ஒட்டாதீர்கள்.