விழுங்கினால் போதுமா?

காலில் முள் குத்தி, கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கோத்துக்கொள்ளும். சீழைப் பார்த்தால் முகம் சுளிக்கிறோம். அதில் பெரும்பங்கு, கிருமியோடு சண்டையிட்டுச் செத்துப்போன நம் வெள்ளையணுக்கள்தான்.

இந்தச் சண்டையைப் புரியவைத்ததும் ஒரு முள்தான். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்துக் கிடந்தன. நம் உடலிலும் கிருமிகளைச் செல்கள் இப்படித்தான் சூழ்ந்து விழுங்கிக் காக்கின்றன என்றார் அவர். 1908-இல் ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிச்சோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் காயத்துக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள் என்னும் வகை வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது! சில பாக்டீரியாக்களின் மேலுறை வழுவழுவென்று இருக்கும், பிடி கிடைக்காது. எதிர்ப்பொருள்களும் (ஆன்டிபாடி) சில ரத்தப் புரதங்களும் அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டால் பிடி கிடைத்துவிடும். உடனே நியூட்ரோஃபிலின் சவ்வு இரு பக்கமும் நீண்டு, பாக்டீரியாவை அணைத்து மூடி, ஒரு பைக்குள் அடைத்துவிடும்.

விழுங்கியாயிற்று. ஆனால் உள்ளே போன கிருமி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நொதிகள் நிறைந்த சிறுபைகள் வந்து அந்தப் பையோடு கலக்கின்றன. செல் ஆக்சிஜனை வேகமாக இழுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கிறது. அதையும் உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்குகிறது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இதைத் தயாரிக்கும் நொதியின் நிறம் பச்சை. சீழ் சில சமயம் பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

பிறவியிலேயே இந்த ஆக்சிஜன் வேலை நடக்காத குழந்தைகள் உண்டு. அவர்களின் செல்கள் ஒழுங்காக விழுங்கும், கொல்லத்தான் முடியாது. தொற்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். காசநோய்க் கிருமியோ மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய விழுங்கு செல்லுக்குள் போனதும், நொதிப்பைகள் தன்னை நெருங்கவிடாமல் தடுத்து, அங்கேயே குடியிருந்து பெருகுகிறது.

செரிக்க முடியாத இன்னொன்று பச்சை குத்தும் மை. தோலிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்து மையைக் கீழே விட்டால் அடுத்தது வந்து விழுங்கிக்கொள்வதை 2018-இல் எலிகளில் கண்டார்கள். பாட்டியின் கையில் ஐம்பது வருடத்துக்கு முன் குத்திய கோலம் இன்னும் அழியாமல் இருப்பதும் இப்படித்தான் என்று கருதுகிறார்கள்.