கல்ப்ரிட்: தீர்ப்புக்கு முன்பே குற்றவாளியா?

"மெயின் கல்ப்ரிட் அவன்தான்" என்று பேச்சில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். தப்புச் செய்தவன் என்பதுதான் இன்றைய பொருள். ஆனால் இந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது குற்றம் சாட்டப்பட்டு நிற்பவரைத்தான் குறித்தது. குற்றம் செய்தவரை அல்ல.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சு புகுந்தது. மக்கள் பேச்சில் ஆங்கிலம் மீண்டும் தலையெடுத்த பிறகும் வழக்கறிஞர்களிடம் 'சட்டப் பிரெஞ்சு' பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. கைதி "நான் குற்றம் செய்யவில்லை" என்றதும் அரசுத் தரப்பு எழுத்தர் அதே மொழியில் பதில் சொல்வார்: "நீ குற்றவாளிதான், மெய்ப்பிக்க நாங்கள் தயார்." 'குற்றவாளி' என்பதற்கான 'கல்பபிள்', 'தயார்' என்பதற்கான 'பிரிட்' இரண்டும் பதிவேட்டில் சுருங்கி 'கல். பிரிட்.' ஆயின. பிற்காலத்தார் அதை ஒரே சொல்லாக வாசித்து, கைதியை விளிக்கும் சொல் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது சட்ட மரபு தரும் விளக்கம். 'கல்பபிள்' என்பதன் வேர் லத்தீனின் 'குல்பா', அதாவது பிழை. அந்த வேரின் சாயல்தான் பிற்பாடு கல்ப்ரிட்டையும் குற்றவாளி என்ற பொருளுக்கு இழுத்துச் சென்றது.

இந்த விளி முதலில் பதிவானது 1678இல், பெம்புரோக் பிரபுவின் கொலை வழக்கில். திட்டமிட்ட கொலையல்ல, கைமோசக் கொலை (கொல்லும் திட்டமின்றி நேர்ந்த உயிரிழப்பு) என்று தீர்ப்பானது. பிரபுக்களுக்கு இருந்த சலுகையைக் கோரி, கட்டணத்தைச் செலுத்திவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அதிகாரம் உள்ளவருக்கு ஒரு நீதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழுக்கு வருவோம். குற்றவாளி என்பதில் உள்ள 'ஆளி' உடையவரைக் குறிக்கும் விகுதி. நோயாளி, கடனாளி போல. குற்றம் உடையவர் என்று அறுதியிட்டுச் சொல்லும் சொல் அது. ஆகவே தீர்ப்புக்குப் பின்னரே அது பொருந்தும். அதற்கு முன் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்; போலீஸ் விசாரணை நிலையில் சந்தேக நபர். நீதிமன்றத் தமிழில் எதிரி: "முதலாம் எதிரி", "இரண்டாம் எதிரி" என்று வரும். பகைவன் என்ற பொருளில் வாசித்து மிரள வேண்டாம். எதிர்த்தரப்பில் நிற்பவர், அவ்வளவுதான். சிறைக்குள்ளும் இந்தப் பிரிவு உண்டு: விசாரணைக் கைதி வேறு, தண்டனைக் கைதி வேறு.

இவ்வளவு சொற்கள் கைவசம் இருந்தும், கைதான அன்றே "குற்றவாளி சிக்கினார்" என்று தலைப்புப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் விடுதலையானாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும். விசாரணை முடியுமுன் ஒருவர் நிற்கும் இடத்துக்கே 'குற்றவாளிக் கூண்டு' என்று பெயர் வைத்திருக்கிறோம். வெறும் 'கூண்டு' என்றாலே போதும்.

சட்டத்துக்கு வெளியே, பழுதுக்கோ தொல்லைக்கோ காரணமானதையும் ஆங்கிலத்தில் கல்ப்ரிட் என்பார்கள். அங்கே குற்றவாளி என்று போட்டால் ஒட்டாது. மின்சாரம் போனதற்கு எலி கடித்த ஒயர் காரணம் என்றால், "எல்லாம் இந்த எலி பார்த்த வேலை" என்பதே நல்ல தமிழ்.