ஓட்டை தெரியும், அடைப்பது யார்?

"அரசு நிறுவனங்களின் கணினிகள் ஏன் இப்படி அடிக்கடி முடங்குகின்றன, அங்கே விவரம் தெரிந்தவர்களே இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் பல நேரங்களில் ஓட்டை எங்கே என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. 2017 மே 12 அன்று பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வானாக்ரை என்ற தாக்குதல் நிரலிடம் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்ட ரான்சம்வேர் அது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கணினி விட்டுக் கணினி எப்படித் தாவியது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

விண்டோஸ் கணினிகள் எஸ்எம்பி என்ற முறையில் கோப்புகளைப் பகிர்கின்றன. அதில் கோப்பின் கூடுதல் பண்புகளைச் சொல்லும் பட்டியல் ஒன்று வரும். அதன் தொடக்கத்தில் பட்டியலின் நீளம், 32 பிட் எண்ணாக, அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களாக. விண்டோஸ் பட்டியலைச் சரிபார்த்து, செல்லாத பதிவுகளை ஒதுக்கி, நீளத்தைக் குறைத்து எழுத வேண்டும். பிழை இங்கேதான். புதிய நீளத்தை எழுதும்போது கீழ்ப்பாதி 16 பிட்டை மட்டும் மாற்றியது. மேல்பாதியைத் தொடவே இல்லை. வந்த நீளம் 65,536 என்று வைத்துக்கொள்வோம். 16 பிட்டில் 65,535 வரைதான் அடங்கும். எனவே மேல்பாதியில் 1 (அதன் மதிப்பு 65,536), கீழ்ப்பாதி முழுக்க 0. சரிபார்த்ததும் 65,373 ஆக வேண்டும். கீழ்ப்பாதியில் 65,373 ஏறுகிறது, மேலே அந்த 1 அப்படியே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 1,30,909! குறைய வேண்டிய எண் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. நினைவகத்தில் ஒதுக்கிய இடமோ குறைந்த பட்டியலுக்கானது. நகலெடுப்பு எல்லை தாண்டிப் பக்கத்து நினைவகத்தின்மேல் எழுதுகிறது. அங்கே விழும் பைட்டுகளைப் பார்த்துப் பார்த்து அடுக்கினால், விண்டோஸின் மையப் பகுதியான கர்னலே தாக்குபவரின் நிரலை ஓட்டும்.

இந்தப் பிழையைத் திருத்தும் நிரலான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எச்சரிக்கையும் போனது. இருந்தும் இங்கிலாந்தில் மருத்துவமனை போன்றவற்றை நடத்தும் 236 என்.எச்.எஸ். அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன.

ஏன்? பேட்ச் போட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இரவு பகலாக ஓடும் வார்டில் அதற்கு நேரம் குறிப்பதே பெரும்பாடு. எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகளோடு வரும் கணினிகளில் தயாரித்த நிறுவனத்தைக் கேட்காமல் கை வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சரித்த மைய அமைப்புக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அப்போது இருக்கவில்லை. தாக்குதலுக்கு முன்பே 88 அறக்கட்டளைகளை நேரில் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. அப்புறமும் சரிசெய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியவில்லை.

பணமும் ஒரு காரணம். புதிய திட்டத்துக்கு விழா எடுக்கலாம், ஒழுங்காகப் போட்ட பேட்சுக்கு யார் விழா எடுப்பார்கள்? பராமரிப்புக்கென்று தனி நிதியை ஒதுக்கி, அதை வேறெதற்கும் திருப்ப முடியாதபடி சட்டம் வேண்டும் என்பேன்.

பொறுப்பும் யாரிடமாவது இருக்க வேண்டும். 2021 மே மாதம் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையான எச்.எஸ்.இ.யைக் கோன்டி ரான்சம்வேர் முடக்கியது. முதலில் தொற்றிய கணினியில் இருந்த ஆன்டிவைரஸ், ஊடுருவல் கருவிகளை மார்ச் 31 அன்றே கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அதைக் கண்காணிக்க மட்டும்தான் அமைத்திருந்தார்கள், தடுக்க அல்ல. பார்த்ததைப் பதிவு செய்துவிட்டு அது சும்மா இருந்தது. நாடு முழுவதற்குமான அந்தத் துறையில், இணையப் பாதுகாப்புக்கென்று தலைமைப் பொறுப்பில் ஒருவர்கூட அப்போது இல்லை.