ஃபோர் வீல் ட்ரைவ் ட்ரக்குக்கு எந்த விண்டர் டயர்?

ஒக்டோபர் கடைசியில் நான் வேலை செய்யும் டயர் கடைக்குப் பிக்கப் ட்ரக்கோடு வருபவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணை, ஃபோர் வீல் இருக்குத்தானே, பிறகேன் விண்டர் டயர்?"

கேள்வி நியாயமானதுதான். ஸ்னோ கொட்டிய காலையில் பக்கத்து வீட்டுக் கார் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்க, இவர்களுடைய ட்ரக் நாலு சக்கரத்தாலும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். அந்தத் தெம்பு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி நகரைத் தாண்டும்வரை நிற்கும். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வீசும் பனிப்புயலில் முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடித்தால், ஃபோர் வீல் ட்ரைவ் ஒரு உதவியும் செய்யாது. எந்த வாகனத்துக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்துவதும் வளைவில் பிடித்து வைப்பதும் டயரின் வேலை. பாரம் ஏற்றாத பிக்கப்பில் எடையில் பெரும்பகுதி முன்பக்கம் இருப்பதால், வளைவில் பின்பக்கம் சுலபமாக வழுக்கும். சிலர் பின்னச்சுக்கு மேலே மணல் மூட்டை போடுகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் மூட்டையைக் கட்டி வையுங்கள்.

வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால், எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஓல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் டயரின் ரப்பர் கடும் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் மேற்பரப்பு ரப்பர்க் கட்டைகளில் உள்ள மெல்லிய கீறல்கள் ஐஸைப் பற்றும். அதனால் முதல் ஸ்னோவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? முதலில் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். எம்+எஸ் (மட், ஸ்னோ: சேறும் பனியும்) என்று இருப்பது டயரின் பள்ளங்களின் அமைப்பைப் பற்றித் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. அதற்குச் சோதனை எதுவும் கிடையாது. மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னம் வேறு. இறுகிய ஸ்னோவில் ஒப்பீட்டு டயர் ஒன்றைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இழுத்தால்தான் அது கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனை இழுவைக்கு மட்டும்தான். ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அது அளப்பதில்லை.

ட்ரக்காரர்கள் மனம் போவது இங்கேதான். மண், கல், சேறு எல்லாவற்றிலும் ஓடவென்று செய்த, முரட்டுத் தோற்றமுள்ள ஓல் டெரேன் டயர்கள் பலவற்றில் இப்போது மலைச் சின்னம் இருக்கிறது. பிஎஃப் குட்ரிச் கேஓ2, ஃபால்கன் வைல்ட்பீக் இரண்டிலும் உண்டு. ஆழமான ஸ்னோவில் நன்றாகவே போகும். மஸ்கோகா பக்கம் பனி அள்ளாத கொட்டேஜ் பாதைக்குப் போகிறவருக்கு அது போதலாம். ஆனால் தினமும் நகரத்தில், சிக்னலுக்குச் சிக்னல் மினுங்கும் ஐஸில் நிற்கிறவருக்கு நான் அதைக் கொடுக்கமாட்டேன். பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக், நோக்கியன் ஹக்கபெலிட்டா போன்ற முழு விண்டர் டயர்தான் அவருக்கு. ஆணி டயர் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு சொல்: தெற்கு ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை.

அடுத்தது பாரத் தரம். என் அனுபவத்தில் காசு அதிகம் வீணாவது இதில்தான். எஃப்-150, ரேம் 1500 போன்ற அரை டொன் ட்ரக்குகள் பெரும்பாலும் கார் வகை டயரோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. எஃப்-250, ரேம் 2500 போன்ற முக்கால் டொன் வகைகளுக்கு எல்டி (லைட் ட்ரக்) டயர், அதிலும் கூடிய பாரம் தாங்கும் 'இ' தரம். "ட்ரக்தானே, பலமானதாகப் போடுங்கோ" என்று அரை டொன்னுக்கும் 'இ' கேட்பார்கள். அந்த டயரின் சுவர் தடிப்பு, வெறும் வண்டியில் கட்டையாகத் துள்ளும். அதோடு, அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குக் காற்றழுத்தம் கூட வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள 35 பிஎஸ்ஐயை அப்படியே அடித்தால் பழைய டயரைவிடக் குறைந்த பாரத்தைத்தான் அது தாங்கும். முன்னால் பனி தள்ளும் பிளேடு பூட்டுகிறீர்களா, பின்னால் எப்போதும் கருவிகளும் ட்ரெய்லரும் உண்டா, அப்போது எல்டி வாங்குங்கள். வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் ஸ்டிக்கரில் உள்ள வகையே போதும். தலைகீழாக, முக்கால் டொன்னுக்கு மலிவென்று கார் வகை போடச் சொன்னால் நாங்கள் மறுத்துவிடுவோம்.

நாலும் ஒரே டயராகத்தான் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால், ஃபோர் வீலில் போடும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். பழுதானால் அந்தச் செலவில் டயரே வாங்கிவிடலாம்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னமோ ஆணியோ கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் விண்டர் டயருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி. ரசீதை முகவருக்கு அனுப்பிவையுங்கள், பலர் அனுப்புவதில்லை.

டயரைத் தனி ரிம்மில் பூட்டி வைப்பது நல்லது. 20 அங்குல ரிம்மோடு வந்த ட்ரக்குக்கு, பிரேக் காலிப்பர் இடம் கொடுத்தால், அதே மொத்த விட்டத்தில் 18 அங்குலம் போடலாம். விலையும் குறையும், தெருப் பள்ளத்தில் ரிம் அடிபடுவதும் குறையும்.

குளிரில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒவ்வொரு 5 பாகைக்கும் 1 பிஎஸ்ஐ இறங்கும். கராஜுக்குள் அடித்த காற்று ஜனவரிக் காலையில் போதாது, அதனால் மாதம் ஒருமுறை பாருங்கள். சக்கரம் மாற்றி 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். எங்கள் கடையில் அதற்குக் காசு வாங்குவதில்லை, அப்படியும் திரும்பி வருகிறவர்கள் குறைவு. வீட்டில் செய்பவர்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் பாவியுங்கள். கார் அளவுக்கு இறுக்கினால் ட்ரக்குக்குப் போதாது, எஃப்-150க்கு 150 அடி-பவுண்டு.