புயலில் போன கூரை, மறுக்கப்பட்ட கிளைம்: அடுத்து எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள்

வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தும், புயலில் கூரை போன பிறகு 'உங்கள் கிளைம் நிராகரிக்கப்படுகிறது' என்று கடிதம் வந்தால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதம் நிறுவனத்தின் முடிவு மட்டும்தான். அதற்கு மேல் மூன்று படிகள் இருக்கின்றன: நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன் என்றே பலரும் சொல்வார்கள்), மாவட்ட நுகர்வோர் ஆணையம். எதற்கும் வக்கீல் கட்டாயமில்லை. சாதாரண வீட்டு பாலிசிக்கு எதிலும் புகார்க் கட்டணமும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு.

முதலில் நிராகரிப்புக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். எந்தக் காரணம், பாலிசியின் எந்த ஷரத்து என்று இருக்கிறதா பாருங்கள். 'பாலிசி விதிமுறைகளின்படி ஏற்க இயலாது' என்று மட்டும் இருந்தால், ஷரத்து எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் தரும்படி எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை நிறுவனம் பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கும் காரணத்துக்கு மட்டும், ஆதாரத்தோடு பதில் சொன்னால் போதும். எழுதாத காரணங்களை நீங்களே ஊகித்து விளக்கம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது எந்த பாலிசி

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) விதி. நிறுவனம் எதுவானாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். புயல், சூறாவளி, வெள்ளம், மின்னல் எல்லாம் இதில் அடக்கம். வெளிப்பொருள் வந்து மோதுவதால் ஏற்படும் சேதம் தனி இனமாகவே இருக்கிறது. மரம் விழுவது அதில் வரும். கூரையோடு சுற்றுச்சுவர், கேட், தாழ்வாரம், தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் ஆகியவையும் 'வீட்டுக் கட்டடம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் இவற்றை விட்டிருந்தால் கேளுங்கள்.

இந்தப் பாலிசியில் 'குறைக் காப்பீடு' என்று தொகையை வெட்ட முடியாது. பழைய தீ பாலிசிகளில், ரூ. 30 லட்சம் பெறும் வீட்டை ரூ. 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், ரூ. 3 லட்சம் சேதத்துக்கு ரூ. 2 லட்சம்தான் கிடைக்கும். பாரத் க்ருஹ ரக்ஷாவில் அந்த விகிதக் கணக்கு கிடையாது. பழைய பழக்கத்தில் அப்படிக் கழித்திருந்தால், 'குறைக் காப்பீட்டு விலக்கு உள்ள பாலிசி' என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும்.

வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துத் தந்த பாலிசி என்றால், முழுப் பாலிசி ஆவணமும் பலரிடம் இருக்காது; ஒரு பக்கச் சான்றிதழ் மட்டும் இருக்கும். முழு வாசகமும் அட்டவணையும் தரும்படி வங்கிக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அது கையில் இல்லாமல் எதிர்வாதம் எழுத முடியாது.

வழக்கமாகச் சொல்லும் காரணங்களும் பதிலும்

'கூரை பழசு, தேய்ந்து போயிருந்தது, புயலால் சேதமில்லை.' அதிகம் வரும் காரணம் இதுதான். ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் வீடு இரண்டுக்கும் இதைத்தான் எழுதுவார்கள். கூரை பழசு என்பதும் புயலில் உடைந்தது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். நீங்கள் காட்ட வேண்டியது, அன்றைக்கு அடித்த காற்றுதான் அதைப் பெயர்த்தது என்பது. விலக்கு ஷரத்து (எந்தச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் ஷரத்து) பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தினுடையது. இதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2022இல் நர்சிங் இஸ்பாத் வழக்கிலும் அதுதான்.

காற்று எப்படிப் பெயர்க்கும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. இறவாணத்தையும் முகட்டையும்தான் காற்று முதலில் தூக்கும். காற்று வந்த பக்கத்தில் வரிசையாகப் போயிருக்கும். மக்கிய கூரை அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைந்து கிடக்கும். புதிதாக உடைந்த ஓட்டின் முறிவு முகம் சிவப்பாக, சுத்தமாக இருக்கும்; பழைய விரிசலில் கறுப்பும் பாசியும் ஏறியிருக்கும். சிமென்ட் ஷீட்டில் ஜே போல்ட் துளையைச் சுற்றிப் பிய்ந்திருந்தால், அல்லது கொக்கி நிமிர்ந்திருந்தால், அது மேல்நோக்கிய இழுவையின் வேலை. போல்ட்டே துருவில் மெலிந்து அறுந்திருந்தால் சர்வேயர் அதைத்தான் படம் எடுப்பார். ஆகவே உடைந்த ஓடுகளில் ஒரு பத்துப் பன்னிரண்டையும், போல்ட்டுகளில் சிலவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சுத்தம் செய்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவதுதான் இதில் நேர்கிற பெரிய தவறு.

கைமரத்திலோ ரீப்பரிலோ கரையான் அரித்த பகுதி இருந்தால் மறைக்க வேண்டாம். அதைத் தனியாகப் பிரித்து, மற்ற பகுதிக்கு மட்டும் மதிப்பீடு கொடுங்கள். முழுக் கூரைக்கும் ஒரே தொகை போட்டு, அதில் அரித்த மரமும் சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் சந்தேகப்பட இடம் கொடுத்துவிடுகிறீர்கள். முன்பு ஓடு மாற்றியதற்கான கூலிச் சீட்டு, புயலுக்கு முன் எடுத்த குடும்பப் படங்களில் பின்னால் தெரியும் கூரை, அக்கம்பக்கத்து வீடுகளின் சேதப் படங்கள் எல்லாமே ஆதாரம்தான்.

'காற்றின் வேகம் புயல் அளவுக்கு இல்லை.' வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை 'புயல்', அதற்கு மேல் 117 கி.மீ. வரை 'தீவிரப் புயல்'. இது வானிலைத் துறையின் பெயரிடல். உங்கள் பாலிசியில் வேக அளவு எதுவும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணைப் பாலிசிக்குள் புகுத்த முடியாது. வாசகம் இரு பொருள்படும்போது, அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தில் நிலைத்த கொள்கை. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது போன்ற விவரங்கள் வானிலைத் துறையின் அறிக்கைகளிலேயே இருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தின் அன்றைய காற்று, மழைப் பதிவைச் சென்னை மண்டல வானிலை மையத்திடம் எழுதிக் கேளுங்கள். மரம் விழுந்து கூரை உடைந்திருந்தால் இந்த வேகப் பேச்சுக்கே போக வேண்டாம். அது மோதல் சேதம். பாரத் க்ருஹ ரக்ஷாவில் அதற்குக் காற்று வேகம் ஒரு பொருட்டில்லை.

'மழைநீர்க் கசிவு மட்டுமே.' ஓடு போன இடத்தின் வழியாகத் தண்ணீர் வந்தது என்றால், முதல் காரணம் புயல்தான். திறப்பு எது, எந்த அறையில் அதன் நேர் கீழே நனைந்தது என்பதைக் காட்டும் படங்கள் வேண்டும். ஆனால் கான்கிரீட் தளத்தில் பல வருடமாக இருக்கிற கசிவு புயலன்று அதிகமானது என்றால், அந்தக் கிளைம் பலவீனமானது. நேரத்தை அதில் செலவிட வேண்டாம். தளத்தில் தொட்டி விழுந்தது, பக்கத்துக் கைப்பிடிச் சுவர் சரிந்தது என்று குறிப்பான அடி இருந்தால் கதை வேறு.

'தாமதமாகத் தெரிவித்தீர்கள்.' மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய்விடுகிற புயலில் தாமதம் இயல்பு. உண்மையான கிளைமைத் தாமதத்துக்காக மட்டும் எந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றமும் 2017இல் ஓம் பிரகாஷ் வழக்கில் அதையே வலியுறுத்தியது. எத்தனை நாள் மின்சாரம் இல்லை, சாலை எப்போது திறந்தது என்று தேதியோடு எழுதுங்கள்.

'கச்சா கட்டடம்.' தென்னங்கீற்று, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் போன்றவற்றால் ஆன சுவரோ கூரையோ உள்ள கட்டடத்தைத்தான் பாலிசி கச்சா என்கிறது. சீமை ஓடும் சிமென்ட் ஷீட்டும் தகர ஷீட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டோடு ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை இருப்பதை வைத்து முழு வீட்டையும் கச்சா என்று எழுதியிருந்தால் மறுக்கலாம்.

சர்வேயர் அறிக்கை

2024 ஜூனில் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. முதன்மைச் சுற்றறிக்கையின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அறிக்கை. அறிக்கை கிடைத்த 7 நாளில் முடிவு. பெரும் புயலுக்குப் பின் இது தள்ளிப்போவது வாடிக்கை. தாமதத் தேதிகளைக் குறித்து வையுங்கள். வட்டி கேட்க உதவும்.

அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதுதான் இருப்பதிலேயே முக்கியமான காகிதம். அறை அளவு, ஓட்டின் பரப்பு, கழித்த தேய்மான விகிதம் எல்லாம் அதில் இருக்கும். கூரைப் பரப்பைத் தரைப் பரப்பாகவே எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சரிவான கூரையின் பரப்பு எப்போதும் தரைப் பரப்பைவிட அதிகம். 30 டிகிரி சரிவுக்கே சுமார் 15% கூடும், இறவாணம் வெளியே நீள்வது தனி. சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் இறுதியானது அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உள்ளூர்க் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்ட மதிப்பீடு வாங்கி எதிரில் வையுங்கள். கொத்தனார் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதி வாங்கினால் எடை இல்லை. ஓடு எத்தனை, ரீப்பர் எத்தனை அடி, கூலி எத்தனை ஆள் என்று பிரித்து வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் எடுத்த சேதக் கணக்கெடுப்பு இருந்தால் அதன் நகலும் நல்ல சான்று. நிறுவனத்தோடு தொடர்பில்லாத அரசு ஊழியர், புயலுக்கு அடுத்த நாட்களிலேயே எழுதியது அது.

நிறுவனம் பொதுத்துறை நான்கில் ஒன்று என்றால் (நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா), தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ. 10 கட்டி உங்கள் கிளைம் கோப்பின் குறிப்புகளைக் கேட்கலாம்.

முதல் படி: நிறுவனத்துக்குக் கடிதம்

குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் இரண்டும் அனுப்புங்கள். கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

'பாலிசி எண் …, கிளைம் எண் …. தங்கள் … தேதியிட்ட கடிதத்தில் தேய்மானத்தைக் காரணமாகக் கூறியுள்ளீர்கள். அதற்குரிய ஷரத்து எண்ணைத் தெரிவிக்கவும். … தேதி இரவு புயலில் வீட்டின் கிழக்குச் சரிவில் … சதுர அடி ஓடு பெயர்ந்தது. இணைப்பு 1: படங்கள். இணைப்பு 2: வானிலைப் பதிவு. இணைப்பு 3: பொறியாளர் மதிப்பீடு, ரூ. …. நிராகரிப்பை மறுபரிசீலித்து இத்தொகையை வழங்கக் கோருகிறேன்.'

இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும். கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியுங்கள். ஆணையம் உங்கள் கிளைமை விசாரித்துத் தீர்ப்பளிக்காது. நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கும். ஆனாலும் புகார் எண்ணும் தேதியும் பதிவாகிவிடும்.

இரண்டாம் படி: குறைதீர்ப்பாளர்

நிறுவனம் மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதிலே இல்லையென்றால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ரூ. 50 லட்சம் வரை அவர் தீர்க்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில். ஆன்லைனிலும் மனு கொடுக்கலாம். வக்கீலை அனுமதிப்பதில்லை, நீங்களேதான் பேச வேண்டும். தமிழில் பேசத் தயங்காதீர்கள்.

சமரசத்துக்கு இரு தரப்பும் சம்மதித்தால் பரிந்துரை. இல்லையென்றால் ஆவணங்கள் முழுதும் கிடைத்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்கு போட்டிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: நுகர்வோர் ஆணையம்

நிராகரித்த நாளிலிருந்து இரண்டு வருடம். நினைவூட்டல் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது; பலர் கிளைமை இழப்பது இங்கேதான். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும். எந்த ஆணையம் என்பது கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது, கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல. பிரீமியம் ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தோற்றால் மாநில ஆணையத்தில் 45 நாளில் மேல்முறையீடு.

பாதித் தொகையை அனுப்பி 'முழு, இறுதித் தீர்வு' என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். வேறு வழியின்றிப் போட வேண்டியிருந்தால், 'எதிர்ப்புடன் பெறுகிறேன், மீதியைக் கோரும் உரிமை உண்டு' என்று எழுதிப் போடுங்கள். அன்றே அதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நெருக்கடியிலோ தவறான தகவலிலோ வாங்கிய ரசீது மீதித் தொகை கேட்பதைத் தடுக்காது என்று 1999இல் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நெருக்கடியைக் காட்ட உங்களிடம் அன்றைய தேதியில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.